மூன்று நிறக் கடுவன்

ஒன்பது வயதில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லை ஒரு பூனைக்குட்டிக்காகச் சொன்னேனா, அப்பாவுக்காகச் சொன்னேனா? இருபது வருஷமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் இன்னும் தெரியவில்லை. சில நாள் பூனைக்காகத்தான் என்று தோன்றும். அன்று கொஞ்சம் நிம்மதியாகச் சமைப்பேன். மற்ற நாள்களில் அப்படித் தோன்றாது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கு இருப்பது போலவே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையிடம் நாளுக்கு நாலு முறையாவது "பொய் சொல்லக் கூடாது" என்று சொல்வீர்கள். உங்களிடம் சொல்வது எளிது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அப்பா உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் டிரைவராக இருந்தார். மில்லுக்குக் கரண்டு வராத காலம். ஆளுயரச் சக்கரத்தோடு ஒரு ஆயில் இன்ஜின்தான் எல்லாவற்றையும் ஓட்டியது. அதன் புகைக்குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். குழாயின் வாயில் அப்பா ஒரு தகர டப்பாவைக் கட்டிவைத்திருந்தார். இன்ஜின் ஓடும்போது அந்த டப்பா குயில் மாதிரி கூவும். ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் எங்கள் தெருவில், "டிரைவர் ஆரம்பிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு உலை வைப்பார்கள்.

இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் சுடச்சுட ஒரு தொட்டியில் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதில்தான் எண்ணெய்க் குளியல். அந்தத் தண்ணீரில் லேசான எண்ணெய் வாசனை இருக்கும். அம்மா எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அது அப்பாவின் வாசனை. இப்போதும் லாரி நிற்கிற இடங்களில் அந்த வாசனை வந்தால் சற்று நிதானித்துத்தான் நடப்பேன்.

இன்ஜின் அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி. அப்பா கை துடைக்கிற பஞ்சுக் கழிவு அதில் குவிந்திருக்கும். அந்தப் பஞ்சில்தான் பூனை வசித்தது. கறுப்பு, செவலை, வெள்ளை என்று மூன்று நிறம் அதற்கு. முகத்தில் பாதி கறுப்பு, பாதி செவலை. இரண்டு பூனைகளை நடுவில் வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

முதலாளி மில்லுக்குள் பொட்டைப் பூனையை விடமாட்டார். நெல் மூட்டைகளுக்கு நடுவில் குட்டி போட்டுவிட்டால் தீட்டு, வெள்ளிக்கிழமை பூஜை நடக்கிற இடம் என்பார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு முதல் தட்டு இனிப்பு அவர் வீட்டிலிருந்துதான் வரும். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டார். இன்ஜின் அறை மில்லுக்குள் சேர்த்தி இல்லை என்று அப்பா ஒரு வாதம் வைத்திருந்தார். "எண்ணெ வாடைக்கு எந்தத் தீட்டும் நிக்காதுங்க மொதலாளி" என்பார். அந்த வாதத்தின் தயவில் அது அங்கே இருந்தது.

குட்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. குட்டிகள் கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் களத்து மேஸ்திரி வருவார். ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்ப்பார். கடுவன், அதாவது ஆண் குட்டி என்றால் கூடையில் போடுவார். அது ஏதாவது மண்டிக்கோ மளிகைக் கடைக்கோ எலி பிடிக்கப் போகும். பொட்டை என்றால் சாக்கில் போடுவார். சாக்கு மாட்டு வண்டியில் ஏரியைத் தாண்டிப் போகும். திரும்பி வரும்போது வெறும் சாக்காக இருக்கும். நான் அந்த வண்டியின் பின்னால் ஒரு தடவை கோயில் வரைக்கும் ஓடியிருக்கிறேன்.

அந்தப் பூனை விஷயத்தில் எனக்கு ஒரு எதிரி இருந்தாள். மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கிற பெண்களில் ஒருத்தி. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். களத்து அக்கா என்பேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்துக் குடிசையிலிருந்து விடியும்போதே வந்துவிடுவாள். களத்தோரம் இருந்த புங்கமரத்தில் சேலைத் தூளி கட்டி, கைக்குழந்தையை அதில் போடுவாள். பிறகு ஆவி பறக்கிற நெல்லில் வெறுங்காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே போவாள். போகிற போக்கில் தூளியை ஒரு தள்ளு தள்ளுவாள். அவள் வளைந்து திரும்பி வருவதற்கும் தூளி ஆடி நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

மத்தியான வேளையில் அவள் சோற்றுச் சட்டியைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். பூனை என்னை விட்டுவிட்டு நேரே அவளிடம் போய்விடும்.

"லஞ்சம் குடுக்கிற" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நீயும் குடேன். உங்க வூட்ல இன்னா கீது? தயிர் சாதமா? அதுக்கு எந்தப் பூனை வரும்?" என்று சிரித்தாள்.

இப்படித்தான் எங்கள் சண்டை. சண்டை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கருவாட்டுத் தலையைக் கிள்ளி என் கையில் கொடுத்து, "நீயே போடு, உன்கிட்ட வர்தா பாக்கலாம்" என்பாள்.

நான் சொல்ல வந்த கோடையில் பூனை நாலு குட்டி போட்டது. இரண்டு செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று தாயைப் போலவே மூன்று நிறம். அந்த நாலாவது குட்டிக்கு மூக்கில் பாதி மட்டும் கறுப்பு. மற்றவை பால் குடித்து முடித்த பிறகும் அது மட்டும் பஞ்சைச் சப்பிக்கொண்டிருக்கும். அதுதான் என் குட்டி.

அதே சமயத்தில் முதலாளியின் சம்பந்தி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு புது மில் கட்டி முடித்திருந்தார். அவருக்கு வேண்டிய ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அந்த மனிதர் எங்கோ ஒரு வெளிநாட்டு மாலுமியிடம் கேட்டுவந்து ஒரு சங்கதி சொல்லியிருக்கிறார்: மூன்று நிறக் கடுவன் ஒன்று கப்பலில் இருந்தால் அந்தக் கப்பல் முழுகாது. சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டார். கப்பலே முழுகாது என்றால் மில் எப்படி முழுகும். மில் திறப்பு விழாவுக்குள் தனக்கு அப்படி ஒரு கடுவன் வேண்டும் என்றார். எங்கள் முதலாளி, "நம்ம மில்லுலயே மூணு கலர் பூனை கீது, அது குட்டியும் மூணு கலராத்தான் போடும், நான் அனுப்புறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் கொடுத்த வாக்கு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. என் குட்டி கடுவனாக இருந்தால் புது மில்லுக்குப் போய் ராஜா மாதிரி இருக்கும். பொட்டையாக இருந்தால் சாக்கு. அதனால் அது கடுவன் என்று நான் முடிவு செய்துவிட்டேன். களத்து அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மூணு கலரா கீதே, அது எப்படி கடுவனாவும்?" என்றாள்.

"ஏன் ஆகாது?"

"ஆவாது. எங்க அம்மா வூட்டாண்ட எத்தினி பூனை, எத்தினி குட்டி பாத்துக்கீறேன். செவலைன்னா பெரும்பாலும் கடுவன். கறுப்புன்னா ரெண்டும் உண்டு. செவலையும் கறுப்பும் ஒண்ணா வந்துட்ச்சின்னா பொட்டைதான்."

"நீ பள்ளிக்கூடம் போயிருக்கியா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது எழுதவே கை கூசுகிறது. ஆனால் கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "போவல. பூனையும் போவல. எடுத்துக்கினு வா, பாக்கலாம்" என்றாள்.

பாவாடையில் கட்டிக்கொண்டு நாலு குட்டிகளையும் புங்கமர நிழலுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் அவள் குழந்தை தூங்க, இன்னொரு பக்கம் நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். செவலைகள் இரண்டுக்கும் கறுப்புக்கும் வாலுக்கு அடியில் இரண்டு புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தன. என் குட்டிக்கு மட்டும் ஒட்டி ஒட்டி இருந்தன. தாய்ப் பூனையையும் பிடித்துப் பார்த்தோம். அதற்கும் ஒட்டித்தான். தாய்ப் பூனை என் கையைக் கீறிவிட்டுப் போயிற்று.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சின்னப் பெண், தெரியாமல் சொல்லியிருப்பாள் என்று நீங்களும் எனக்குப் பரிந்து பேசிவிடக் கூடாது.

அழுதுகொண்டே, "யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"நான் எதுக்கு சொல்றேன்? யாராவது கேட்டா பொய் சொல்லமாட்டேன், அவ்ளோதான்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் முதலாளி கூடை கொண்டுவரச் சொன்னார். புதுத் துணி விரித்து, கைப்பிடியில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. மேஸ்திரி என் குட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். ஒரு கணம் கூடப் பார்த்திருக்கமாட்டார். "கடுவன்தாங்க. சிங்கம் மாதிரி கீது" என்றார். முதலாளி வாக்குக் கொடுத்த அன்றே மேஸ்திரிக்கு அது கடுவனாகிவிட்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நின்றிருந்த பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். முதலாளிக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. களத்து அக்காவின் பக்கம் திரும்பி, வேடிக்கையாகத்தான், "இன்னா பொண்ணே, எங்க கடுவன் எப்படி கீது?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். அவள் பொய் சொல்லவில்லை.

"குட்டி நல்லா கீதுங்க மொதலாளி. ஆனா அது பொட்டைங்க. மூணு கலர்ல கடுவன் நான் பாத்ததே இல்ல."

பூஜைப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்த கைகள்கூட நின்றன.

"நல்ல காரியத்துக்குக் கிளம்புற உயிரைப் பாத்து இன்னா பேச்சு பேசுது பாருங்க" என்றார் மேஸ்திரி.

"கேட்டாரு, சொன்னேன். நீ நல்லா பாரேன் மேஸ்திரி. நீ பாத்தது கழுத்ததான?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று. மேஸ்திரி முகம் கறுத்தது. முதலாளி சுற்றிலும் பார்த்தார். இன்ஜின் அறை வாசலில் நான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் அப்பா, கையில் எண்ணெய்க் குவளையோடு.

"டிரைவர் பொண்ணு பூனையோடவே கெடக்குது. படிக்கிற புள்ளை. நீ சொல்லும்மா, கடுவனா பொட்டையா?"

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தலையை அசைக்கவில்லை, கண் காட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். குட்டி மேஸ்திரியின் கையில் காலை உதறிக்கொண்டிருந்தது.

"கடுவன்" என்றேன்.

களத்து அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏளனம் இல்லை. நான் ஏன் சொன்னேன் என்று தெரிந்துகொண்ட சிரிப்பு. "பள்ளிக்கூடத்துப் புள்ளையே சொல்லிட்ச்சி. அப்பறம் நான் இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு நெல்லுக்குள் இறங்கிப் போனாள். போகிற வழியில் தூளியை ஒரு தள்ளு தள்ளினாள்.

திங்கட்கிழமை புங்கமரத்தில் தூளி இல்லை. இனி அவளைக் கூப்பிட வேண்டாம் என்று முதலாளி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாராம். நான் என் குட்டியின் பெரிய வாழ்வை நினைத்துக்கொண்டிருந்தேன். கருவாட்டு வாசனை இல்லாததால் பூனை என்னிடமே இருந்தது. முதல் சில நாள் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. பிறகுதான் மத்தியான வேளைகள் நீளமாகிவிட்டதை உணர்ந்தேன். சண்டை போட ஆள் இல்லை.

தை மாதத்தில் சம்பந்தி வந்தார். மூன்று நிறக் கடுவன் புது மில்லின் பூஜை அலமாரியில், சாமிக்கு வைத்திருந்த பட்டுத் துணியின் மேல், மூன்று குட்டி போட்டிருந்தது.

அன்று நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அக்காவைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் சொன்னது சரி என்று பூனையே சொல்லிவிட்டதே. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பி, இன்ஜின் அறையில் ஒளிந்துகொண்டு அவர்கள் பேசியதைக் கேட்டேன்.

மேஸ்திரி சொன்னார்: "போறப்ப அது கடுவன்தாங்க. நான் பாத்தேன். பத்து பேர் பாத்தாங்க. டிரைவர் பொண்ணும் பாத்துட்டு சொல்லிச்சி. சின்னப் புள்ளை பொய் சொல்லுமா? அந்தக் களத்துக்காரி வாயை வெச்சா பாருங்க, அதுல மாறிட்ச்சி. அவளுக்குக் கருநாக்கு."

முதலாளி சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருக்கும்" என்றார். சம்பந்திக்கும் அது வசதியாக இருந்தது. தரம் பார்க்காமல் பூனை அனுப்பிய சம்பந்தியைவிட, கருநாக்குக்காரி கெடுத்துவிட்ட பூனை மேல். இரண்டு பேரும் சேர்ந்து காபி குடித்தார்கள்.

ஒரு பெண்ணின் சொல்லால் கடுவன் பொட்டையாக மாறும் என்பதை அத்தனை பெரியவர்களும் நம்பினார்கள். தாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதை ஒருவரும் நம்பவில்லை. நம்புவதற்கு அவர்கள் காட்டிய சாட்சி நான்.

அவர்கள் போன பிறகு அப்பா பஞ்சுப் பெட்டியின் பக்கத்தில் குந்தி, தாய்ப் பூனையின் தலையைத் தடவினார். "உன் மூணு கலர் குட்டி எல்லாம் பொட்டைதான். எத்தினி வருஷமா பாக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். அப்பா பஞ்சை எடுத்துக் கை துடைத்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். முதலாளி கொடுத்த மில் வீட்டில்தான் குடியிருந்தோம். அந்தப் பார்வையில் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்க விரும்புகிறேன். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டை தவிடு கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போய்வருவார். அக்கா இரண்டு ஆடு வளர்த்தாள். அம்மா, "எங்க போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டால், "சும்மா, காத்தாட" என்பார்.

கருநாக்கு என்ற பேர் ஊரில் வேகமாகப் பரவியது. அவள் எதிரே வந்தால் கன்றுக்குட்டியை மறைப்பார்கள். முழுகாமல் இருந்த ஒருத்தி வேண்டுமென்றே அவள் குடிசைக்குப் போய், "என் வயித்துல கீறது ஆம்பளைப் புள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்று கேட்டாளாம். அக்கா சொன்ன பதிலை எங்கள் தெருவில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்: "பூனைக்குக் கலரப் பாத்து சொன்னேன். உன் வயித்துக்குள்ள இன்னா கலர் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஒரு வருஷத்துக்குள் அவளும் அவள் புருஷனும் குழந்தையை எடுத்துக்கொண்டு மாகறலில் அவள் அம்மா வீட்டுக்கே போய்விட்டார்கள்.

நான் படித்தேன். பள்ளி முடித்துக் கல்லூரிக்கும் போனேன். அங்கே ஒரு நாள் விலங்கியல் ஆசிரியை கரும்பலகையில் ஒரு பூனை வரைந்தார். செவலையா கறுப்பா என்பதை நிர்ணயிக்கிற அம்சம், ஆண் பெண் வேற்றுமையை உண்டாக்கும் குரோமோசோமிலேயே இருக்கிறது என்றார். பெண் பூனைக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்றில் செவலையும் மற்றதில் கறுப்பும் அமைந்தால் இரண்டு நிறமும் உடம்பில் திட்டுத்திட்டாகத் தெரியும். கடுவனுக்கு அது ஒன்றுதான், தாயிடமிருந்து மட்டும் வருவது. அதனால் ஒன்று செவலை, இல்லாவிட்டால் கறுப்பு. இரண்டும் சேர வழியில்லை. வெள்ளை வேறு விஷயம், அது எந்தப் பூனைக்கும் வரலாம்.

நான் எழுந்து, "கடுவன் ஒன்றுகூட அப்படி இருக்காதா?" என்று கேட்டேன். மிக மிக அபூர்வமாக, ஒரு குரோமோசோம் கூடுதலாகப் பிறந்துவிட்ட கடுவன் அப்படி இருக்கலாம், ஆனால் அதனால் குட்டி உண்டாகாது என்றார். உட்கார்ந்தேன். புங்கமர நிழலில் கருவாட்டுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைத்தான் ஆசிரியை சொன்னார். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன்.

இப்போது காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு பெண். போன மாதம் அப்பாவைப் பார்த்துவிட்டு உத்திரமேரூரிலிருந்து அவளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மில்லில் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்துப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் அப்பா இன்னும் அதே மில் வீட்டில்தான் இருக்கிறார். முன் இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். தலை முன்பக்கம் நரைக்கத் தொடங்கியிருந்தது.

"இன்ஜின் டைவரு பொண்ணுதான நீ?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"உங்க நைனா எப்படி கீறாரு? தவிடு குடுத்த புண்ணியவான். எங்க ஆடுங்க இன்னும் பேரு சொல்லும்" என்று சிரித்தாள். அதே சிரிப்பு. பிறகு என் மகளைப் பார்த்து முகமெல்லாம் மலர, கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

அடுத்து நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என் கை என் மகளின் தோளைப் பிடித்து என் பக்கமாக இழுத்தது. கொஞ்சம்தான், இரண்டு விரற்கடை. குரோமோசோம் படித்த கை. கருநாக்கு என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்த கை.

அக்கா நீட்டிய கையைக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். "பயப்படாதம்மா. நான் ஒண்ணும் சொல்லல. எந்தக் கொழந்தையைப் பாத்தும் நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள். குறை சொல்வது போல இல்லை. பஸ் டிக்கெட்டைக் காட்டுவது போல, பழக்கமாகச் சொன்னாள்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். அந்தத் தூளிக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. சாலவாக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் நல்லவன், இருவருக்கும் பிடித்திருக்கிறது. அதற்குள் யாரோ அவர்களிடம், கருநாக்குக்காரி பொண்ணு, அந்தக் குடும்பத்துச் சொல்லு பலிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆடி போகட்டும், யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்களாம். "என்னப் பத்தி இன்னா வேணா பேசட்டும். அவ இன்னா பண்ணா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"வுடு. நீ சின்னப் புள்ளை. கடுவன்னு நெனச்சிக்கினு சொல்லிட்ட" என்றாள். என்னைத் தப்பவைக்க எனக்கு முன்னால் ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். அவளுக்குத் தெரியும். அன்று குனிந்து பார்த்தது நாங்கள் இரண்டு பேரும்தானே. இல்லை, நான் தெரிந்தே சொன்னேன் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். மாகறல் வந்துவிட்டது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். என் மகள் கையசைத்தாள். நான் இன்னும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், பழசைக் கிளறினால் இன்னும் பத்து பேருக்குத் தெரியும், அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு அதுவே இடைஞ்சலாகலாம் என்கிறார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. மாமியார், உங்க அப்பா இன்னும் அந்த மில் வீட்டில் இருக்கிறார், அதை மறக்காதே என்கிறார். அதுவும் சரிதான். எல்லாரும் சொல்வது சரியாகப் பட்டால் என் போன்றவர்கள் எதையும் செய்யாமலே இருந்துவிடுவோம்.

அதனால் போகலாமா வேண்டாமா என்று உங்களிடம் கேட்கப்போவதில்லை. சாலவாக்கத்துக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வீட்டாரிடம் குரோமோசோம் பற்றிப் பேசப்போவதில்லை. கடுவன் என்று பொய் சொன்னது நான், அந்த அம்மாள் சொன்னதுதான் நிஜம், அவள் நாக்கில் ஒன்றும் இல்லை என்று சொல்வேன். படித்தவள் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஒன்பது வயதிலேயே கேட்டார்களே.

எனக்குத் தெரியாதவை இரண்டு. முதலில் அக்காவிடம் போய்ச் சொல்லி, அவள் சம்மதம் கேட்டுக்கொண்டு அப்புறம் போவதா? கேட்டால் அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், என் அப்பாவை நினைத்தாவது சொல்வாள். கேட்காமல் போனால் அவளைப் பற்றி மறுபடியும் நானாக ஒன்று முடிவு செய்தவளாகிறேன். இன்னொன்று, என் மகளை உடன் அழைத்துப் போவதா? அவள் அம்மா பொய் சொன்னவள் என்று அவள் ஆறு வயதில் கேட்க வேண்டுமா என்று இருக்கிறது. ஆனால் மாகறலில் அக்காவின் மடியில் அவளை உட்காரவைத்து, "இவளைப் பார்த்து ஏதாவது சொல்லுங்க அக்கா, உங்க வாயால எது வேணும்னாலும் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. பிள்ளை வளர்க்கிறவர்கள் நீங்கள். என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஆடி முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.